அடுப்பு எரியும் நேரத்தில் ஜெனரேட்டரைச் சோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்
சீருடைத் தையற்கடை உரிமையாளர்,
முதல் தளம், ஐந்து மாடி வணிக வளாகம்,
பேருந்து நிறுத்தம் எதிரில்.

பெறுநர்
மின் ஆய்வாளர் அவர்கள்,
மின் பாதுகாப்பு ஆய்வு அலுவலகம்.

பொருள்: வணிக வளாகத்தின் இயற்கை எரிவாயு ஜெனரேட்டர் – வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வைத்துள்ள ஆண்டு ஆய்வை அன்று மதியம் ஒரு மணிக்கு, சாப்பாட்டுக் கடையின் எல்லா அடுப்புகளும் எரியும்போது, முழுச் சுமையோடு நடத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: வளாக மேலாளர் அறிவிப்புப் பலகையில் ஒட்டியுள்ள ஆய்வு அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். நான் மேற்படி வளாகத்தின் முதல் தளத்தில் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் கடை நடத்தி வருகிறேன். என் கணவர் பள்ளி வேன் ஓட்டியவர். இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்த பிறகு, அதே வளாகத்தின் மூன்றாம் தளத்தில் உள்ள டயாலிசிஸ் நிலையத்தில் செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் மதிய முறையில் இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்கிறார். ஆகவே இந்த மனுவை எழுதுவது கடைக்காரியா, நோயாளியின் மனைவியா என்று தாங்கள் கேட்டால், இரண்டு பேரும்தான். கோபம் மட்டும் மனைவியுடையது. எங்காவது வார்த்தை தடித்திருந்தால் அந்தக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. வளாகத்தின் பின்புறம், வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டி, கம்பி வேலிக்குள் ஜெனரேட்டர் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் காலையில் மேலாளர் அதை ஓட்டிப் பார்க்கிறார். இயந்திரம் ஒரே மூச்சில் கிளம்பும். சிறிது நேரம் சீராக ஓடும். பெட்டியில் பச்சை விளக்கு எரியும். மேலாளர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து எல்லாக் கடைக்காரர்களுக்கும் அனுப்புவார். யார் எதைக் கேட்டாலும் "பச்சை விளக்கு எரியுதுல்ல, அப்புறம் என்ன?" என்பதே அவர் பதில். அதனால் வளாகத்தில் அவருக்குப் பச்சை விளக்கு என்றே பெயர். மேலாளர் என்று கேட்டால் காவலாளிக்குக்கூட ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கும்.

3. அந்த வெள்ளிக்கிழமை ஓட்டத்தில் ஜெனரேட்டருக்கு எந்த வேலையும் கொடுக்கப்படுவதில்லை என்பதே என் முதல் புகார். லிஃப்ட், குளிரூட்டிகள், டயாலிசிஸ் இயந்திரங்கள், தண்ணீர் சுத்திகரிக்கும் பம்பு எதுவும் அப்போது அதனோடு இணைக்கப்படுவதில்லை. இணைத்தால் ஒரு கணம் மின்சாரம் விட்டு வரும். அது நான்காம் தளத்துக் கணினி அலுவலகத்தாருக்குப் பிடிக்கவில்லை. ஆகையால் இயந்திரம் தனக்குத் தானே ஓடி, தனக்குத் தானே நிற்கிறது. என் கணவர் அதை "வீட்டோட மாப்பிள்ளை" என்பார். வேளைக்கு எண்ணெய், வாரம் ஒரு குளியல், வருகிறவர் எல்லோருக்கும் அறிமுகம், ஆனால் ஒரு வேலை சொல்லக் கூடாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நாங்கள் எப்படி அறிந்தோம் என்பதை அடுத்த பத்தியில் தெரிவிக்கிறேன்.

4. சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் மின்சாரம் நின்றது. நான் கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். பின்புறம் ஜெனரேட்டர் உறுமும் சத்தம் கேட்டது, விளக்குகள் வந்தன. அப்பாடா என்று கத்தரிக்கோலை மறுபடி எடுத்தேன். எடுத்த கையோடு விளக்குகள் மஞ்சளாக மங்கின, இயந்திரம் திணறி இருமி அடங்கிவிட்டது. தானாகவே மறுபடி கிளம்பியது, மறுபடி அடங்கியது. மூன்றாம் முறை கிளம்பவே இல்லை. நான் செருப்பைக்கூடப் போடாமல் படியேறி ஓடினேன். லிஃப்ட் இரண்டு தளங்களுக்கு நடுவே நின்றிருந்தது.

டயாலிசிஸ் அறையில் ஆறு படுக்கைகள். எல்லா இயந்திரங்களும் ஒரே நேரத்தில் அலறிக்கொண்டிருந்தன. ஐயா அவர்கள் அந்த அறையைப் பார்த்திராவிட்டால் ஒரு வார்த்தை: நோயாளியின் இரத்தம் உடம்பை விட்டு வெளியே வந்து, குழாய் வழியே இயந்திரத்துக்குள் சென்று, சுத்தமாகித் திரும்ப வேண்டும். பம்பு நின்றால் இரத்தம் குழாயிலேயே நிற்கும், நின்றால் கட்டிப்போகும். அங்குள்ள பேட்டரி, ஜெனரேட்டர் வரும்வரை சற்றுத் தாக்குப்பிடிப்பதற்காக மட்டும் வைத்தது. அது தன் கடமையைச் செய்துவிட்டு ஓய்ந்தது. பிறகு செவிலியர்கள் ஒவ்வொரு பம்பிலும் கைப்பிடியை மாட்டிச் சுற்றி, இரத்தத்தை நோயாளிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். செவிலியர் இரண்டே பேர். அவர்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை என்பதை இந்த மனுவில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

கடைசியில் மிஞ்சியது இரண்டு படுக்கைகள். ஒன்றில் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட ஒரு பெண். மற்றொன்றில் என் கணவர். செவிலியர் இவரிடம்தான் முதலில் வந்தார். இவர் ஊசி இல்லாத கையை நீட்டி, "முதல்ல அந்தப் பொண்ணைப் பாருங்க சிஸ்டர், நான் எங்கயும் ஓடிப்போயிட மாட்டேன்" என்றார். நான் அருகில் நின்று கேட்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது, அந்த நிமிடமே அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு இரத்தம் திரும்பிவிட்டது. இவருடைய குழாயில் கட்டிப்போய்விட்டது. கட்டிப்போன இரத்தத்தைக் குழாயோடு குப்பையில் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஏற்கெனவே இரத்தம் குறைந்த உடம்பு. அன்று மாலையே மருத்துவமனையில் சேர்த்து, வேறு இரத்தம் ஏற்றி, வீட்டுக்கு அழைத்து வரும்வரை நான் கடை திறக்கவில்லை. இப்போதும் அவருக்குப் பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

5. மின்சாரம் நின்றதற்கு மறுநாள் அறிவிப்புப் பலகையில் "நேற்று மின்மாற்றத்தில் ஏற்பட்ட சிறு தாமதத்திற்கு வருந்துகிறோம்" என்று ஒரு தாள் ஒட்டப்பட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் என் வார்த்தை மனுவுக்கு உரியதாக இராது.

6. இந்த இயந்திரம் வாங்கப்பட்ட விதத்தையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டியுள்ளது. முன்பு இருந்தது டீசல் ஜெனரேட்டர். அதன் புகை மூன்றாம் தளச் சன்னல் வழியே நோயாளிகளிடம் வந்தது; நீண்ட மின்வெட்டில் டீசலைத் தேடிப் பீப்பாயோடு அலைய வேண்டியிருந்தது. எரிவாயு என்றால் தெருக் குழாயிலேயே வந்துகொண்டிருக்கும், புகையும் குறைவு என்று டயாலிசிஸ் மருத்துவர் சொன்னார். எல்லோரும் ஒப்புக்கொண்டோம். அந்த முடிவில் தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். தவறு அதற்குப் பின்னால் வந்தது. விற்க வந்தவர் தளம் தளமாக நடந்து, விளக்கும் மின்விசிறியும் இயந்திரங்களும் ஓடும்போது இழுக்கும் மின்சாரத்தை மட்டும் கணக்கில் கூட்டினார். லிஃப்டும் குளிரூட்டியும் கிளம்பும்போது ஓடும்போதைவிடப் பல மடங்கு இழுக்கும் என்பதை யாரும் கூட்டவில்லை. என் கடையில் துணி வெட்டும் மோட்டாரைப் போட்டாலே தலைக்கு மேல் விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும். அதைவிடப் பெரிய மோட்டார்கள் ஒரே நேரத்தில் பாய்ந்தால் என்ன ஆகும் என்று அன்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

7. இனி அடுப்பு விவகாரம். இதுவே இம்மனுவின் உயிர்நாடி. ஜெனரேட்டருக்காகத் தெருவிலிருந்து தனியே ஓர் எரிவாயுக் குழாய் போடப்பட்டது. அடுத்த ஆண்டு தரைத்தளத்துக்குச் சாப்பாட்டுக் கடை வந்தது. குழாய் அவர்கள் சுவரை ஒட்டியே போகவே, அதிலிருந்து ஒரு கிளை எடுத்து அடுப்புகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரே குழாய் இரண்டு வயிற்றுக்குப் போதுமா என்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை.

அந்தக் குறை ஒருமுறை தானாகவே வெளியே வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பெரிய ஆர்டர் ஒன்றுக்காகச் சாப்பாட்டுக் கடையின் சமையல் மாஸ்டர் விடியலிலேயே எல்லா அடுப்புகளையும் பற்ற வைத்திருந்தார். மேலாளர் வழக்கம்போல ஜெனரேட்டரை ஓட்டினார். மாஸ்டர் கரண்டியும் கையுமாகப் பின்வாசலுக்கு வந்து, "யோவ் பச்சை விளக்கு, நீ அங்க மெஷினைப் போட்டா இங்க என் அடுப்பு சுருண்டு படுத்துக்குது. பாதி வெந்ததை எவன் தலையில கொட்டுறது?" என்று வளாகமே கேட்கச் சத்தம் போட்டார். நான் அப்போது கடையின் ஷட்டரை ஏற்றிக்கொண்டிருந்தேன். வேலையே இல்லாமல் ஓடும் இயந்திரமே அடுப்பைச் சுருட்டுகிறது என்றால், வேலையோடு ஓடும்போது அடுப்பும் இயந்திரமும் சேர்ந்து என்ன பாடுபடும் என்பது அன்றே தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

வளாகக் கடைக்காரர் சங்கக் கூட்டம் கூடியது. சமாதானம் பேசினார்கள். சமாதானம் என்னவென்றால், இனி அடுப்பு பற்ற வைக்கும் முன்பே ஜெனரேட்டரைச் சோதித்துவிடுவது. மாஸ்டருக்குத் திருப்தி, மேலாளருக்குத் திருப்தி, கைதட்டி எழுந்தார்கள். பழுதைச் சொல்ல வந்த ஒரே சாட்சியை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்று அந்த அறையில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அன்றிலிருந்து சோதனையில் இயந்திரம் தோற்றதே இல்லை. தோற்கும் நேரத்தில் அதைச் சோதித்ததும் இல்லை.

8. செவ்வாய்க்கிழமைச் சம்பவத்துக்குப் பிறகு பராமரிப்பு நிறுவனத்தின் மெக்கானிக் வந்தார். காலையில் ஓட்டிப் பார்த்து எல்லாம் சரி என்றார். ஸ்பார்க் பிளக்கும் காற்று வடிகட்டியும் பழசாகியிருந்தன, மாற்றினார். புறப்பட்டவரை நான் வழிமறித்து, மதியம்வரை இருந்து பார்த்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டேன். நல்ல மனிதர், இருந்தார். சாப்பாட்டுக் கடையில் கூட்டம் நிரம்பிய நேரத்தில், குழாயில் அழுத்தமானியைப் பொருத்தி, இயந்திரத்துக்கு லிஃப்டை மட்டும் கொடுத்தார். முள் படுத்துவிட்டது, இயந்திரம் திணறியது, உடனே விடுவித்துவிட்டார். மேலாளர் பக்கத்தில் நிற்க, "மெஷின் மேல குத்தம் இல்லம்மா. மூச்சு விட காத்து பத்தல. தனிக் குழாய் போட்டே ஆகணும். அப்புறம் எல்லாச் சுமையும் ஒண்ணா ஏத்தக் கூடாது, டயாலிசிஸ் முதல்ல, மத்ததெல்லாம் ஒண்ணொண்ணா வரணும்" என்று வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு வாரம் கழித்துப் பராமரிப்பு வேலை வேறு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. காரணம் தெரிவிக்கப்படவில்லை.

9. தனிக் குழாய் போட வேண்டுமானால் முன்வாசலைத் தோண்ட வேண்டும். முன்வாசலில் சமீபத்தில்தான் பளபளப்பான கல் பதித்திருக்கிறார்கள். அதை உடைக்கக் கட்டட உரிமையாளருக்கு மனம் வரவில்லை. நேரில் சென்று கேட்டேன். "பார்க்கலாம்மா" என்றார். அந்தச் சொல்லுக்கு எங்கள் வளாகத்தில் என்ன பொருள் என்பது ஒழுகும் கழிவறைக் குழாய்க்குக்கூடத் தெரியும். மழை பெய்தால் அந்தக் கல்லில் வழுக்கி விழாமல் நோயாளிகளைக் கைத்தாங்கலாக அழைத்து வருவதும் நாங்கள்தான்.

10. ஐயா, இனி எழுதப்போவதை எழுதக் கை தயங்குகிறது. நான் புகார் செய்யப்போவதை அறிந்த மேலாளர் என் கடைக்கே வந்து, "எழுதுங்க, தாராளமா எழுதுங்க. ஆபீசர் வந்தா முதல்ல டயாலிசிஸ் சென்டருக்குத்தான் பூட்டுப் போடுவார். அப்புறம் உங்க வீட்டுக்காரரைத் தூக்கிக்கிட்டு எந்த ஊருக்குப் போவீங்க?" என்று கேட்டார். மிரட்டல் என்று அதை ஒதுக்கிவிட முடியவில்லை. நடக்கக்கூடியதுதான். அடுத்த டயாலிசிஸ் நிலையம் வெகு தொலைவில் இருக்கிறது, அங்கே படுக்கைக்குக் காத்திருப்போர் ஏராளம். இரண்டு முறை தவறினால் என் கணவரால் படுக்கவே முடியாது, நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்தே இருப்பார். புகார் கொடுத்தால் மூடிவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம், கொடுக்காவிட்டால் அடுத்த மின்வெட்டில் என்ன ஆகுமோ என்ற பயம் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில்தான் நான் தினமும் சீருடை தைக்கிறேன். கோடை தொடங்கிவிட்டது. மின்சாரம் சொல்லாமல் கொள்ளாமல் போகிறது.

மற்ற நோயாளிகளின் வீட்டார் இம்மனுவில் கையெழுத்திட மறுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்த படுக்கைக்காரரின் மனைவி என்னோடு பேசுவதையே நிறுத்தினார். டயாலிசிஸ் நாட்களில் அவர் பிளாஸ்கிலிருந்து எனக்கும் ஒரு வாய் காப்பி ஊற்றித் தருவார். இரண்டு வாரமாக மூடியைத் திறந்து, தான் மட்டும் குடித்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். புகாரை விட்டுவிடலாமா என்று என் கணவரிடம் கேட்டேன். "எழுது. மூடச் சொல்லி எழுதாத, சரி பண்ணச் சொல்லி எழுது. அதுக்கும் மேல என்ன ஆனாலும் நான் பாத்துக்கிறேன்" என்றார். பத்துப் படி ஏற முடியாத மனிதர் பார்த்துக்கொள்வாராம். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

11. ஆய்வைக் காலை பத்து மணிக்கு வைத்ததற்கு மேலாளர் சொல்லும் காரணம் இது: மதியம் முழுச் சுமையோடு சோதித்து, இயந்திரம் நின்றுவிட்டால், அப்போது டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ஆபத்து. நோயாளிகளின் மேல் அவருக்குள்ள அக்கறைக்கு நன்றி. ஆனால் நின்றுவிடும் என்று பயந்துதான் சோதிக்கவில்லை என்றால், நின்றுவிடும் என்பது அவருக்கே தெரிகிறது என்றுதானே பொருள்? அதிகாரிக்கு முன்னால் நிற்கக் கூடாத இயந்திரம், எங்களுக்கு முன்னால் மட்டும் நிற்கலாமா? காலை பத்து மணிக்குத் தாங்கள் வந்தால் பழைய சமாதானப்படி அடுப்பு எரியாது, சுமை இருக்காது, பச்சை விளக்கு மட்டும் எரியும். தாங்கள் சான்றிதழில் கையெழுத்திட வேண்டியிருக்கும். அந்தக் கையெழுத்தை அடுத்த ஓராண்டுக்கு எங்கள் முகத்துக்கு நேரே காட்டுவார்கள்.

12. ஆகவே பணிவுடன் கோருவது:

(அ) வரும் வியாழக்கிழமை காலையில் வர வேண்டாம். மதியம் ஒரு மணிக்கு வந்து, பிரதான மின்சாரத்தை நிறுத்தி, லிஃப்ட், குளிரூட்டி, டயாலிசிஸ் நிலையம் உட்பட முழுச் சுமையையும் ஏற்றி, போதுமான நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். நேர மாற்றத்தை முன்கூட்டி மேலாளருக்குத் தெரிவிக்க வேண்டாம்.

(ஆ) அடுப்புகளைப் பற்றிக் கவலை வேண்டாம். சமையல் மாஸ்டரிடம் பேசிவிட்டேன். "நீங்க சொல்ற நேரத்துக்கு ஒண்ணு விடாம எரிய விடுறேன், சமைக்க ஒண்ணும் இல்லன்னா வெறும் தண்ணியைக் கொதிக்க வச்சுக்கிட்டு நிக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

(இ) இயந்திரம் தோற்குமானால் ஜெனரேட்டருக்குத் தனி எரிவாயுக் குழாய் போடவும், டயாலிசிஸ் நிலையத்துக்கு முதலிலும் மற்றவற்றுக்குப் பிறகும் மின்சாரம் போகும்படி அமைக்கவும், ஆண்டுதோறும் முழுச் சுமைச் சோதனை நடத்தவும் காலக்கெடு வைத்து உத்தரவிட வேண்டும். குழாய் போட்டு முடியும்வரை, டயாலிசிஸ் நடக்கும் நேரங்களில் மின்சாரம் நின்றால் உடனே அடுப்புகளுக்கான கிளைக் குழாயை மூடும் பொறுப்பை ஒருவரிடம் எழுத்தில் ஒப்படைக்க வேண்டும்.

(ஈ) டயாலிசிஸ் நிலையத்துக்கு முத்திரை வைத்துவிடக் கூடாது. உடைக்க வேண்டியது முன்வாசல் கல்லைத்தான்.

13. ஒரு மணிக்கு நோயாளிகள் இயந்திரத்தில் இருப்பார்களே என்ற கேள்வி எழும். அதற்கும் வழி செய்திருக்கிறோம். டயாலிசிஸ் மருத்துவர் அன்று மதிய முறையைத் தங்கள் சோதனை முடிந்த பிறகே தொடங்கச் சம்மதித்துவிட்டார். குழாய்களில் இரத்தத்துக்குப் பதில் உப்புநீரை ஓட விட்டு எல்லா இயந்திரங்களும் இயங்கும்.

நோயாளிகளிடம் யார் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது, மருத்துவர் மூலம் செய்தி அறிந்த அடுத்த படுக்கைக்காரரின் மனைவி சனிக்கிழமையன்று தானாகவே என் பக்கம் திரும்பினார். "கையெழுத்து மட்டும் கேக்காதீங்க அக்கா, பயமா இருக்கு. உக்காரச் சொன்னா உக்காருறோம்" என்றார். ஆறு பேரும் வியாழக்கிழமை மதியம் வழக்கம்போல வருவார்கள். உள்ளே போக மாட்டார்கள். மூன்றாம் தள வராந்தாவில் நாற்காலி போட்டு, தாங்கள் வந்து போகும்வரை காத்திருப்பார்கள்.

டயாலிசிஸ் நாளில் அவர்களுக்குக் கால் வீங்கியிருக்கும், மூச்சு முட்டும். தாகம் எடுத்தாலும் ஒரு மடக்குக்கு மேல் குடிக்க முடியாது. காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்கள் உடம்பில்தான் ஏறும். அலுவலக வேலைகளில் முன்பின் ஆவது இயல்பு என்பதை அறிவேன். அன்று ஒரு நாள் மட்டும் தாமதமில்லாமல் வந்து சேருங்கள் ஐயா.

இடம்: வணிக வளாகம், முதல் தளம்
நாள்: ஆய்வுக்கு முந்தைய திங்கட்கிழமை

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
சீருடைக் கடைக்காரி,
மூன்றாம் தளத்துச் சன்னலோரப் படுக்கைக்காரரின் மனைவி.